அண்டாவுக்கு இரண்டு காது

போன ஆடியில் அப்புச்சிக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தார். ஐந்தாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்தது. மேலே கிளெப்சியெல்லா நிமோனியே என்று கிருமியின் பெயர். கீழே மருந்துகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒற்றை எழுத்து. ஆர், ஆர், ஆர் என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் இரண்டுக்கு மட்டும் எஸ்.

அம்மா கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். ரிப்போர்ட்டை வாங்கி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"ஆர்னா என்ன கண்ணு?"

"ரெசிஸ்டன்ட்மா. அந்த மருந்து இதுக்குப் பலிக்காது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். சன்னலுக்கு வெளியே கணவாய்க் காற்று பனைமரங்களை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டாள்: "செரி, இந்த மருந்தயெல்லாம் யாருமே தொடாம கொஞ்ச வருசம் வெச்சுட்டா, அது மறந்து போயிராதா?"

எட்டு வருடமாகக் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த மாணவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கேள்வி சரியான கேள்வி. மருந்தை எதிர்க்கும் மரபணுக்களைச் சுமப்பது பாக்டீரியாவுக்குச் செலவு. மருந்தே இல்லாத இடத்தில் அந்தச் சுமையை இறக்கி வைத்தவை வேகமாகப் பெருகி, சுமப்பவற்றை ஓரங்கட்டிவிட வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. பல சமயம் அப்படி நடப்பதில்லை. அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றுதான் பல வருடமாக என் மனதை விட்டுப் போகாதது. அன்று வார்டில் அம்மாவுக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. இங்கே முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்த மரபணுக்களில் பல பாக்டீரியாவின் குரோமோசோமில் இருப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. 1952இல் ஜோஷுவா லெடர்பர்க் வைத்த பெயர் அது. செல்லுக்குள் குடியிருந்து, தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கும் தாவக்கூடியது. பாட நூல்களில் திரும்பத் திரும்ப வரும் ஆர்1 என்ற பிளாஸ்மிட் 1963இல் லண்டனில் ஒரு சால்மொனெல்லாவிலிருந்து கிடைத்தது. ஆம்பிசிலின், குளோராம்பெனிகால், கானாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா என ஐந்து வகை மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் அந்த ஒரே வளையத்தில் இருந்தன.

இவ்வளவு பெரிய பிளாஸ்மிட்டுகள் ஒரு செல்லில் ஒன்றோ இரண்டோ பிரதிதான் இருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது சிக்கல் வருகிறது. இரண்டு பிரதி இருந்து, எது எங்கே போகும் என்பது சுண்டிப் போட்ட காசு மாதிரி இருந்தால், பாதிப் பிரிவுகளில் இரண்டும் ஒரே பக்கம் போய்விடும். ஒரு மகள் செல் வெறுங்கையோடு பிறக்கும். அப்படி ஆகாமல் இருக்க, பிரதிகளைப் பக்கத்துக்கு ஒன்றாக இழுத்து வைக்கும் ஏற்பாடு பிளாஸ்மிட்டிடமே உண்டு. அதையும் மீறிச் சில தவறும். தவறிப் பிறந்த மகளை என்ன செய்வது?

1983இல் ஜப்பானில் ஒகுராவும் ஹிராகாவும் எஃப் என்ற இன்னொரு பிளாஸ்மிட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன மரபணுக்களைக் கண்டார்கள். பிளாஸ்மிட் படியெடுத்து முடிக்கும்வரை செல் பிரியாமல் இவை பிடித்து வைக்கின்றன என்று முதலில் நினைத்தார்கள். செல் பிரிவோடு பிணைந்தது என்ற பொருளில் சிசிடி என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து உண்மை வேறு மாதிரித் தெரிந்தது. செல் பிரியத்தான் செய்கிறது. பிளாஸ்மிட் கிடைக்காத மகள் சில தலைமுறைக்குள் செத்துப்போகிறது. அதே மூன்றெழுத்துக்குப் பின்னாளில் செல் சாவைக் கட்டுப்படுத்துவது என்று வேறு விரிவு கொடுத்தார்கள்.

அந்த இரண்டில் சிசிடிபி என்பது நஞ்சு, 101 அமினோ அமிலம். சிசிடிஏ அதன் முறிமருந்து, 72 அமினோ அமிலம். நஞ்சு உறுதியானது, சீக்கிரம் சிதையாது. முறிமருந்துக்கு ஆயுள் குறைவு. லான் என்ற நொதி அதைத் தேடித் தேடி நறுக்கும். பிளாஸ்மிட் இருக்கும்வரை முறிமருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். பிளாஸ்மிட் போனால் வரத்து நின்றுவிடும். தாயின் செல்லிலிருந்து வந்த மிச்ச முறிமருந்து கரையும், மிச்ச நஞ்சு கரையாது. அவ்வளவுதான் கதை என்று வகுப்பில் முடித்துவிடுவோம். நானும் முதல் மூன்று வருடம் அப்படித்தான் முடித்தேன். இந்தக் கதையில் முக்கியமான பாதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

அந்த நஞ்சின் பலத்தை நான் புத்தகத்தில் படித்து உணரவில்லை. கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்யும்போது, குளோனிங்குக்கான ஒரு பிளாஸ்மிட்டைப் பெருக்கி எடுக்கச் சொன்னார்கள். வேண்டிய மரபணு உள்ளே நுழைந்தால் சிசிடிபி வெளியேறிவிடும், நுழையாவிட்டால் நஞ்சு இருந்து அந்தச் செல்லைக் கொன்றுவிடும் என்ற ஏற்பாட்டோடு செய்த பிளாஸ்மிட் அது. அதை ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் சாதாரண ரகத்தில் ஏற்றினேன். மறுநாள் தட்டில் ஒரு காலனி, அதாவது பாக்டீரியா பெருகிய புள்ளி, இல்லை. திரும்ப ஏற்றினேன், இல்லை. மூன்று வாரம் தட்டில் ஊற்றிய அகார் மட்டும் பளிச்சென்று இருந்தது. மருந்தின் அளவு, சூடு வைத்த நேரம், தண்ணீர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பக்கத்து ஆய்வகத்து அக்கா ஒருவர்தான் எந்த ரகத்தில் ஏற்றுகிறாய் என்று கேட்டார். முறிமருந்து இல்லாமல் நஞ்சு மட்டும் இருக்கும் பிளாஸ்மிட்டைத் தாங்க ஜைரேஸ் மாறிய ரகம் வேண்டும்.

ஜைரேஸ் என்பது டிஎன்ஏவின் முறுக்கைச் சமாளிக்கும் நொதி. டிஎன்ஏவை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்டும். சிசிடிபி வெட்டிய நிலையிலேயே அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஒட்டும் வேலை நடக்காது, டிஎன்ஏ துண்டாகும். 1992இல் பெல்ஜியத்தில் பெர்னாரும் கூட்டூரியேவும் இதை நிறுவினார்கள். ஜைரேஸின் ஏ துணைப்பகுதியில் 462ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிஸ்டீனாக மாறிய செல்லில் நஞ்சு பலிக்காது. அக்கா கொடுத்த ரகம் அதுதான். மறுநாள் தட்டு நிறையக் காலனி.

அந்த மூன்று வாரத்தில்தான் இந்தக் கேள்வி எனக்குள் விழுந்தது. இவ்வளவு கொடிய ஒன்றைத் தயாரிக்கும் மரபணுவை ஒரு செல் தலைமுறை தலைமுறையாக எப்படி அடக்கி வைத்திருக்கிறது? கொஞ்சம் கூடினால் தானே சாகும். கொஞ்சம் குறைந்தால், வெறுங்கை மகளைக் கொல்லப் போதாது.

எங்கள் தோட்டத்து மோட்டாருக்கு ஃப்ளோட் சுவிட்ச் வைத்திருக்கிறோம். தொட்டி நிறைந்தால் மிதவை ஏறி மோட்டாரை நிறுத்தும். பாக்டீரியாவின் பல மரபணுக்கள் இந்த மாதிரிதான் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன: விளைபொருள் அதிகமானால் அதுவே போய்த் தன் மரபணுவை மூடும். சிசிடியும் இப்படியே இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். முறிமருந்தின் ஒரு முனைக்கு டிஎன்ஏவைப் பிடிக்கும் கை உண்டு. அது தன் மரபணுக்களுக்கு முன்னால் இருந்து அவற்றை இயக்கும் ப்ரமோட்டர் என்ற டிஎன்ஏ பகுதியில் போய் உட்காருகிறது. மறுமுனை ஒழுங்கான வடிவமே இல்லாமல் தொங்கும் வால். நஞ்சைச் சுற்றிப் பிடிப்பது அந்த வால்தான். இதுவரைக்கும் மிதவைதான்.

ஆனால் முறிமருந்து மட்டும் தனியாகப் போனால் பிடி தளர்வாக இருக்கிறது. மரபணு சரியாக மூடுவதில்லை. நஞ்சும் கூடச் சேர்ந்தால்தான் இறுக்கமாக மூடுகிறது. அதாவது நஞ்சு தன் மரபணுவைத் தானே மூட உதவுகிறது. அதோடு நின்றிருந்தால் புரிந்துகொள்ள எளிது. நஞ்சு இன்னும் கொஞ்சம் கூடினால் நேர்மாறாக நடக்கிறது. பிடி விட்டுப்போய், மூடிய மரபணு திறந்துகொள்கிறது. ரெல்பிஇ என்ற இன்னொரு ஜோடியில் 2008இல் கென் கெர்டெஸின் குழு இதைத் தெளிவாகக் காட்டி, நிபந்தனையோடு கூடிய கூட்டுப்பிடிப்பு என்ற பொருளில் பெயரும் வைத்தது. 2010இல் பி1 என்ற வைரஸின் ஜோடியில் புரத வடிவங்களையே படம் பிடித்துக் காட்டினார்கள். அந்த வைரஸ் பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் போலவே குடியிருப்பது.

ஒரே பொருள் கொஞ்சமாக இருந்தால் மூடுகிறது, நிறைய இருந்தால் திறக்கிறது. எப்படி என்பதை வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், முகத்தில் வெளிச்சம் வராது. எனக்கே சரியான படம் கிடைத்தது ஆவணியில், மாமன் மகள் கல்யாணத்தில்.

முந்தின நாள் ராத்திரி சமையல் கொட்டகையில் சாம்பார் அண்டாக்களைப் பந்திக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அண்டாவுக்கு இரண்டு காது. ஆளுக்கு ஒரு காதைப் பிடித்து இரண்டு பேர் தூக்குவார்கள். வழி குறுகல் என்பதால் பையன்கள் வரிசையாக நின்று, ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு அண்டாவாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆள், அண்டா, ஆள், அண்டா, ஆள். ஒருவன் கால் இடறினாலும் வரிசை கலையவில்லை. ஒருவனை ஒருவன் அண்டா வழியாகப் பிடித்திருந்தான்.

சிசிடி ப்ரமோட்டரின் மேல் நிற்பது இதே வரிசைதான். இரண்டு முறிமருந்து சேர்ந்து ஒரு ஆள்; இரண்டு வாலும் இரண்டு கை. இரண்டு நஞ்சு சேர்ந்து ஒரு அண்டா. இரண்டு பக்கமும் பிடிக்க இடம். ஆட்கள் போதுமான அளவு இருந்தால் டிஎன்ஏவின் மேல் ஆளும் அண்டாவும் மாறி மாறிச் சங்கிலியாக நின்றுவிடும். ஒவ்வொருவரின் கால்பிடியும் தனியாகத் தளர்வுதான். கோத்து நிற்கும்போது மொத்த வரிசையும் அசையாது. மரபணுவை ஆர்என்ஏ என்ற நகலாக எடுக்க வரும் நொதிக்கு இடமில்லை. மரபணு மூடியது.

இப்போது அண்டாக்கள் கூடிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆளின் இரண்டு கையிலும் தனித்தனி அண்டா. இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று. பக்கத்து ஆளைக் கோக்கக் கை மிச்சமில்லை. சங்கிலி அறுந்து, அண்டா ஆள் அண்டா என்று தனித்தனிக் கூட்டமாகிவிடும். தனி ஆளால் டிஎன்ஏவின் மேல் காலூன்றி நிற்க முடியாது. மரபணு திறந்துகொள்ளும்.

மிதவைக்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கேதான். மிதவை தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிறது. சிசிடி எவ்வளவு என்று பார்ப்பதில்லை, எதற்கு எத்தனை என்று பார்க்கிறது. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் போடும் அம்மாவின் கணக்கு மாதிரி. செல் பெருத்தாலும் சிறுத்தாலும் அந்த விகிதம் மாறாதவரை மரபணு மூடியே இருக்கும். தனியாக அளந்து சொல்ல ஒரு உறுப்பு கிடையாது. அளக்கும் கோலும் நஞ்சுதான், அளக்கப்படுவதும் நஞ்சுதான்.

திறந்தால் நஞ்சும் கூடத்தானே வரும், ஆபத்து இல்லையா? இரண்டு மரபணுவும் ஒரே ஓப்பரானில், அதாவது ஒரே ப்ரமோட்டரின் கீழ், ஒரே ஆர்என்ஏவில் வருகின்றன. ஆனால் பெரும்பாலான ஜோடிகளில் முறிமருந்துதான் முன்னால், நஞ்சு பின்னால். ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம் முறிமருந்தை அதிகமாகவும் நஞ்சைக் குறைவாகவும் தயாரிக்கும். அதனால் திறந்த கொஞ்ச நேரத்தில் ஆட்கள் கூடி, அண்டாக்கள் மறுபடி கோக்கப்பட்டு, சங்கிலி திரும்ப உருவாகிவிடும். அதற்குள் ஒன்றிரண்டு நஞ்சு ஜைரேஸைக் கவ்வியிருந்தாலும், முறிமருந்தின் வால் போய் அதை ஜைரேஸிலிருந்து உரித்து எடுத்துவிடும்.

எல்லா ஜோடியும் இப்படியே என்று சொல்ல மாட்டேன். ஹிக்பிஏ என்ற ஜோடியில் நஞ்சு முன்னால் வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸின் ஒரு பிளாஸ்மிட்டில் மரபணுவை மூடுவதற்கென்றே ஒமேகா என்ற மூன்றாவது புரதம் இருக்கிறது. 1986இல் கெர்டெஸ் ஆர்1 பிளாஸ்மிட்டில் கண்ட ஹாக், சாக் ஜோடியில் முறிமருந்து புரதமே இல்லை, சின்ன ஆர்என்ஏ. நஞ்சின் ஆர்என்ஏ மேல் ஒட்டி அது புரதமாகாமல் தடுக்கிறது. நஞ்சின் ஆர்என்ஏ தன் இரு முனைகளையும் மடித்துப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் காத்திருக்கும். ஒரு முனை மெல்ல மெல்லத் தேய்ந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது அதே ஆர்1இல் இருக்கும் கிஸ், கிட் ஜோடி. கிஸ் முறிமருந்து, கிட் நஞ்சு. கிட் ஆர்என்ஏவைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் நறுக்கும். பிளாஸ்மிட்டின் பிரதிகள் குறையும்போது விகிதம் சரிந்து கிட் கொஞ்சம் விடுபடுகிறது. அப்போது அது நறுக்கும் ஆர்என்ஏக்களில் ஒன்று, பிளாஸ்மிட் அதிகம் படியெடுக்காமல் தடுக்கும் புரதத்துக்கு உரியது. தடை நீங்கி, பிளாஸ்மிட் மறுபடி படியெடுத்துக்கொள்ளும். செல்லும் அதுவரை பிரியாமல் நிற்கும். 2005இல் வந்த ஆய்வு இது. நஞ்சு என்ற சொல்லே இந்த இடத்தில் பொருந்தவில்லை. பிரதி குறைகிறது என்று முதலில் அறிந்து, முதலில் சரிசெய்யப் பார்ப்பது அதுதான்.

இனி அந்த வெறுங்கை மகளிடம் வருகிறேன். பிளாஸ்மிட் உள்ள செல்லில் லான் கொஞ்சம் அதிகமாக நறுக்கி முறிமருந்து குறைந்துவிட்டது என்று வைப்போம். பிளாஸ்மிட் இல்லாத மகள் செல்லிலும் அதே அளவுக்குக் குறைந்திருக்கிறது. இரண்டிலும் விகிதம் ஒன்றே. இரண்டிலும் அண்டாக்கள் ஆட்களை மிஞ்சுகின்றன. இரண்டிலும் நஞ்சு அதே வேலையைச் செய்கிறது: ப்ரமோட்டரைத் திறந்து விடு, முறிமருந்து வரட்டும். முதல் செல்லில் கதவு திறந்து முறிமருந்து வருகிறது. இரண்டாவது செல்லில் திறக்கக் கதவே இல்லை. கதவு இருந்த வீடுதான் பிளாஸ்மிட், அது இன்னொரு மகளோடு போய்விட்டது.

கொல்வதற்கென்று தனியாக ஒரு கட்டளை எங்கும் இல்லை. தினம் தினம் செல்லைக் காப்பாற்றும் அதே திருத்தம், திருத்த இடமில்லாத செல்லில் சாவாக முடிகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, பழக்கி அடிமையாக்கும் ஏற்பாடு என்று இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் எனக்கு ஒட்டவில்லை. மரபணுக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு நஞ்சையும் சாவையும் மட்டும் பார்த்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

இந்தத் துறையில் அவசரம் தவறிய இடமும் உண்டு. ஈ. கோலையின் குரோமோசோமிலும் இருக்கும் இது மாதிரிப் பத்து ஜோடிகளை ஒவ்வொன்றாக நீக்கினால் மருந்துக்குத் தாக்குப்பிடித்துத் தூங்கும் செல்கள் குறைகின்றன என்று 2011இல் ஒரு கட்டுரை வந்தது. நானும் அதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிறகு அந்த ரகங்களில் ஃபை-80 என்ற வைரஸ் புகுந்திருந்தது தெரிந்து, 2018இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த வருடப் பிள்ளைகளிடம் அதையும் சொன்னேன்.

அப்புச்சியின் கிருமியில் எந்தப் பிளாஸ்மிட் இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. வார்டு ரிப்போர்ட்டில் அது வராது. ஆனால் சிடிஎக்ஸ்-எம்-15 என்ற எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கும் எஃப் வகைப் பிளாஸ்மிட்டுகள் உலகம் முழுக்கப் பரவியிருக்கின்றன. அவற்றில் ஒரே வளையத்தில் சிசிடி, ஹாக் சாக், கிட் மாதிரி ஜோடிகள் ஒன்றுக்கு மேல் இருப்பது சாதாரணம். அந்த எதிர்ப்பு மரபணு முதலில் அடையாளமானது 1999இல் இந்தியாவில் எடுத்த மாதிரிகளில். எங்கள் பக்கம் மாட்டுக்கு மடிநோய் வந்தால் முதலில் ஊசி, மனுசனுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் மாத்திரை. கேரளத்துக் கடையில் சீட்டு கேட்டால் எல்லை தாண்டி அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வதும் நடக்கிறது. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்கக் கேரளம் 2024இல் ஆபரேஷன் அம்ரித் என்று கடைகளில் சோதனை நடத்தியது. அது நல்லது, எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாக நடந்தால் இன்னும் நல்லது. மருந்தைக் குறைத்தால் எதிர்ப்பு குறையும் இடங்கள் உண்டு. ஆனால் மெதுவாகத்தான் குறையும். பிளாஸ்மிட் தாவிப் பரவுவதும், சுமைக்கேற்ப பாக்டீரியா தன்னை மாற்றிக்கொள்வதும் ஒரு பக்கம். மறக்க முயன்ற மகள்கள் பிழைப்பதில்லை என்பது இன்னொரு பக்கம்.

கல்யாணத்தன்று பந்தி முடிந்து அண்டாக்களைக் கிணற்றடியில் கவிழ்த்திருந்தார்கள். அப்புச்சி நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். இரண்டு அண்டாவைத் திருப்பி வைத்து, தம்பியையும் ஒரு சித்தி பையனையும் நிறுத்தி, அம்மாவுக்கு எல்லாவற்றையும் செய்து காட்டினேன். ஆளும் அண்டாவும் கோத்து நின்றது, அண்டா கூடியதும் கை விட்டது, கடைசியில் வீடில்லாத கதவு. அம்மா குறுக்கே பேசாமல் பார்த்தாள்.

"அது செரி கண்ணு. அந்தப் புள்ளைக்கு அவ வீட்டுல மருந்து இல்ல. பக்கத்து வீட்டுல இருந்தா, கடன் வாங்கிக்க முடியாதா?"

முடியும். எஃப் பிளாஸ்மிட்டின் ஜோடிக்கு உறவான இன்னொரு சிசிடி எர்வினியா என்ற பயிர்நோய்ப் பாக்டீரியாவின் குரோமோசோமிலேயே இருக்கிறது. அதன் முறிமருந்து எஃப் பிளாஸ்மிட்டின் நஞ்சையும் அடக்குவதால், பிளாஸ்மிட்டைத் தொலைத்த செல் பிழைத்துக்கொள்கிறது. 2008இல் பிரஸ்ஸல்ஸில் காட்டினார்கள். ஆனால் ஈ. கோலை ஓ157இன் குரோமோசோமில் இருக்கும் சிசிடி ஜோடியின் முறிமருந்து அதே நஞ்சுக்குப் பலிப்பதில்லை.

"சில வீட்டு மருந்து சேரும்மா. சிலது சேராது."

"ஆமா, எல்லா வீட்டு மருந்துமா சேரும்" என்றாள் அம்மா. பிறகு தம்பியிடம் அண்டாவின் ஒரு காதைக் கொடுத்து, மறு காதைத் தான் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.